தகைவிலான்கள் இன்னும் போகவில்லை

பங்குனி பாதி தாண்டியும் கம்பம் பேருந்து நிலையத் தெருவில், மின்கம்பி நிறையத் தகைவிலான் குருவிகள் உட்கார்ந்திருந்தன.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் குருவிகள் அவை. பகலெல்லாம் வயல்களில் பூச்சி பிடிக்கும். பொழுது சாய்ந்ததும் கம்பிக்கு வந்துவிடும். வழக்கமாக மாசி முடிவதற்குள் கிளம்பிவிடும். அதை நம்பித்தான் அனுசுயாவின் அம்மா அன்னத்தாய், பணியார வண்டியைத் தெருக்கோடியிலிருந்து விளக்குக் கம்பத்தடிக்குக் கொண்டுவந்திருந்தார்.

வண்டிக்குக் கூரை உண்டு. நின்று சாப்பிடுபவர்களுக்கு இல்லை.

பொத்!

ஜீப் ஓட்டும் ராக்கையாவின் வெள்ளைச் சட்டையில் எச்சம் விழுந்தது. நேற்றும் அவர்மேல்தான் விழுந்தது.

"ஏத்தா அன்னத்தாயி, ஒரு சரவெடி போட்டா எல்லாம் ஓடிரும். நான் வாங்கியாறேன்."

அன்னத்தாய் மாவு வாளியைப் பார்த்தார். பாதிகூடக் குறையவில்லை.

"என்னமோ செய்யிங்கண்ணே. நேத்து வந்தவுகளும் பாதியில போயிட்டாக."

தட்டு கழுவிக்கொண்டிருந்த அனுசுயா ஓடி வந்தாள்.

"வேணாம் மாமா! இருட்டுல அதுக எங்கன போகும்? கம்பியில மோதிச் செத்துப்போகும்."

"நேரத்துக்குக் கிளம்பியிருக்கணும்ல?"

"இந்த வருசம் மழை பிந்தித்தானே பெஞ்சுச்சு? வயல்ல இப்பத்தான் பூச்சி மொய்க்குது. நல்லாத் திங்காம அம்புட்டுத் தூரம் பறக்க முடியுமா?"

"அப்ப என் சட்டை?"

அனுசுயா வீட்டுக்கு ஓடினாள். அப்பாவின் பெரிய கறுப்புக் குடையோடு வந்து, அதை ராக்கையாவின் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தாள்.

"இப்பச் சாப்பிடுங்க."

மழையே இல்லாத மாலையில் குடைக்குள் நிற்பது அவருக்கே சிரிப்பாக இருந்தது. வெடி வாங்கப் போகாமல் இன்னொரு தட்டுப் பணியாரம் கேட்டார்.

மறுநாள் அனுசுயா வீடு வீடாகப் போய், சும்மா கிடந்த குடைகளையெல்லாம் கேட்டு வாங்கி வந்தாள். ஆனால் ஒரு கையில் தட்டு, மறு கையில் பணியாரம். குடையை யார் பிடிப்பது?

"ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க," என்றாள். "ஒருத்தர் சாப்பிட, ஒருத்தர் பிடிங்க. பெறகு மாத்திக்கங்க."

முன்பின் தெரியாதவர்கள் ஒரே குடைக்குள் நின்றார்கள்.

"வெரசாச் சாப்பிடுங்க சார், கை வலிக்குது!" என்று ஒரு போலீஸ்காரரிடம் கெஞ்சினார் ராக்கையா.

வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சாப்பிட்டார்கள். மாவு வாளி காலியானது.

சில நாள் கழித்து ஒரு மாலையில் கம்பிகள் வெறுமையாக இருந்தன. ஒரு குருவிகூட இல்லை.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சுகளே," என்றார் ராக்கையா. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எச்சம் படிந்த குடைகளை வாசலில் பரப்பி வைத்துக்கொண்டு அனுசுயா மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஜீப் வந்து நின்றது. ராக்கையா இறங்கி வந்து, அவள் பக்கத்தில் குந்தி, ஒரு குடையை இழுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.