பாயின் அந்தப் பக்கம்

மூன்றரை மணிக்குக் காற்று நின்றது.

கார்குழலிக்கு மட்டும் நின்றது. முன்னால் போன இரண்டு பாய்களும் புடைத்துக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. தூரத்தில், திருவொற்றியூர்ப் பக்கமிருந்து வருகிற நான்கைந்தும் அப்படித்தான். மின் நிலையத்துப் புகை கரைப் பக்கம் படுத்துக் கிடந்தது. இவள் பாய் மட்டும் கொடியில் போட்ட ஈரப் புடவை போலத் தொங்கியது.

பாய் நட்டு, மேலே நின்று ஓட்டுகிற பலகைக்கு அடியில் தண்ணீர் அடிக்கும் சத்தம் காசிமேட்டில் கிளம்பியதிலிருந்து காதில் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இரவு முழுக்க இறால் கம்பெனியில் நின்று உரித்துவிட்டு, காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு நேராகப் பந்தயத்துக்கு வந்திருந்தாள். மூன்றாவதாக வந்தால் மாநில அணி. மாநில அணியில் பேர் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பம் போடலாம். உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இந்த நிமிடம் அவள் மூன்றாவது.

மின் நிலையத்திலிருந்து வெந்நீர் கடலில் கலக்கும் இடம் அது. தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது. சாம்பலும் கந்தகமும் கலந்த வாடை, அதற்கடியில் இன்னொரு வாடை, வெகு நாள் மூடிக் கிடந்த அறையைத் திறந்தால் வருவது போல ஒன்று, திறந்த கடலில் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் அவள் முகத்தருகே நின்றது.

கண் ஒரு கணம் சொருகியது. பாய் கை நழுவித் தண்ணீரில் விழுந்தது. விழுந்தால் கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டும். ஆயிரம் தடவை செய்ததுதான். காலை ஊன்றி இழுத்தாள். வரவில்லை. பாயில் தண்ணீர் ஏறினால் கனக்கும், தெரியும். இது அந்தக் கனம் இல்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கொஞ்சம் பிடித்து, யாரோ தொற்றிக்கொண்டு ஏறுகிற மாதிரி வந்தது. பாய் நிமிர்ந்தபோது பலகை கரைப் பக்கமாக இரண்டு விரல் அளவு சாய்ந்தது.

நடுவில்தான் நின்றாள். காலைப் பார்த்தாள். நடுவில்தான்.

மோட்டார் சத்தம் கேட்டது. கடல் பக்கமிருந்து மீட்புப் படகு வந்தது. ஓட்டியவர் டில்லிபாபு, அவள் அம்மாவின் தம்பி.

"இன்னாமே, நடுக்கடல்ல குந்திகினே?"

"காத்து இல்ல மாமா."

"காத்து கீதே. என் தொப்பியே பறந்து பூட்ச்சு."

"எனக்கு மட்டும் இல்ல."

"அதெப்டி? ஒன்னியப் பாத்து காத்து ஒதுங்கிப் போவுதா?" சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "கலீஜா கீறியே. கவுறு போடவா? இட்டுகினு போயிடறேன்."

"கவுறு புடிச்சா பேரை அடிச்சிடுவாங்க."

"அடிக்கட்டும். அடுத்த வருசம் வா."

"அடுத்த வருசம் எனக்கு ஏது? நீ போ மாமா. நான் முடிச்சுட்டுதான் வருவேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். படகைத் திருப்பி, பாயின் அந்தப் பக்கமாகச் சுற்றிக் கரையை நோக்கி விட்டார். பாய் மறைத்தது. மோட்டார் சத்தம் சற்றுத் தணிந்தது. அவர் குரல் மட்டும் கேட்டது.

"ம்... சரி. இப்ப நல்லாத்தான் கீற. ஒன் இஷ்டம்."

மோட்டார் தூரத்தில் போனது.

அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கூப்பிடலாம் என்று நினைத்தாள். கூப்பிட்டால் கயிறு. கயிறு என்றால் மறுபடி இறால், ஐஸ், நின்றுகொண்டே விடியும் இரவுகள். வாயை மூடிக்கொண்டாள். பின்னால் இருந்த பாய்கள் பெரிதாகிக்கொண்டு வந்தன.

பாயைப் பிடித்து நிற்கும் குழாய் இரண்டு புறமும் வளைந்து போகும். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் குழாயை ஆள் பிடிக்க வேண்டும். எதிர்ப்புறம் காலியாக இருக்கும். பாயின் நடுவில் கண்ணாடித் தாள் வைத்துத் தைத்த ஜன்னல் உண்டு. அதில் உப்புப் படிந்திருந்தது. புறங்கையால் துடைத்தாள்.

எதிர்ப்புறக் குழாயில் இரண்டு கைகள் இருந்தன.

நிழல், என்று நினைத்தாள். தன் கைதான், வெயில் அந்தப் பக்கம் காட்டுகிறது. ஒரு கையை எடுத்தாள்.

அங்கே இரண்டும் இருந்தன.

அவள் விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. அந்த விரல்கள் சுருங்கவில்லை. ஈரமில்லை. நடுக்கமில்லை. களைப்பே இல்லாத கைகள்.

குனிந்து பார்க்க வேண்டும். பாய்க்கு அடியில். கால் தெரியும்.

குனியவில்லை.

மூச்சு கேட்டது. அவளுடையது. பிறகு இன்னொன்று.

அப்போது காற்று வந்தது.

ஒரே அடியாக வந்தது. குழாய் அந்தப் பக்கமாக இழுக்கப்பட்டது. இழுத்தது காற்று இல்லை. அவள் பிடித்தாள். தோள் பிடிக்கவில்லை. விரல் விரலாகக் கழன்றது.

முதுகில் தண்ணீர் அறைந்தது. உள்ளே வெதுவெதுப்பு. இருட்டு. மிதவைச் சட்டை மேலே தூக்கியது.

ஆள் விழுந்தால் பாய் விழும்.

விழவில்லை.

பாய் நிமிர்ந்து நின்றது. பலகை ஓடியது. சற்றுத் தூரம் போய்த் திரும்பியபோது தெரிந்தது. மஞ்சள் சட்டை. பதினேழாம் எண். ஒற்றைப் பின்னல், நனையாதது. அவள் தன் மார்பைத் தொட்டுப் பார்த்தாள். பதினேழு அங்கேயும் இருந்தது.

அது அழகாக ஓட்டியது. அவள் ஒருநாளும் ஓட்டாத அழகு.

பின்னால் வந்தவர்கள் வந்துவிட்டார்கள். முதலில் பகலவன். எம்.கே.பி. நகர்ப் பையன், காலையில் அவளுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தவன். அவன் பலகை அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது.

"பகலவா!"

குனிந்தான். அவள் இருந்த இடத்தைப் பார்த்தான். தண்ணீரைப் பார்ப்பது போலப் பார்த்தான். நிமிர்ந்து போய்விட்டான்.

ஒவ்வொருவராகப் போனார்கள்.

பந்தயம் முடியும் முகத்துவாரத்தில் கூடி நின்றவர்கள் விசில் அடித்தார்கள். டில்லிபாபுவின் படகு மஞ்சள் சட்டைக்குப் பக்கத்திலேயே ஓடியது. அவர் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார். காற்று குரலைக் கொண்டுவந்து போட்டது.

"உடாத கொழலி! மூணாவது! மூணாவதுடி என் தங்கம்!"

அந்த உருவம் ஒரு கையை எடுத்து அவருக்கு ஆட்டியது.

தண்ணீர் வாய்வரை வந்து வந்து போனது. அந்த மூடிய அறை வாடை இப்போது அவள் சட்டையிலிருந்தே வந்தது. கத்த நினைத்தாள். வலு இல்லை. வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்வது போலத்தான் வந்தது.

"மாமா, நான் இங்க கீறேன்."