இரண்டு பல் பதிந்த பொற்காசு

படியெடுப்பான் வந்த பிறகு தங்கத்தின் பெருமை போய்விட்டது. வரைபடம் இருந்தால் போதும், அந்த எந்திரம் எந்தப் பொருளையும் அணு பிசகாமல் வடித்துத் தள்ளும். சிதம்பரத்தில் ஒருவர் மாட்டுத் தொட்டியையே பொன்னில் வடித்தார். தண்ணீர் சரியில்லை என்று மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வடிக்க முடியாதது நிலம் ஒன்றுதான். கடல் ஏறிவர, மேட்டில் வீடு வேண்டுமென்றால் உலகில் இன்னொன்று இல்லாத பொருள் ஒன்று கைவசம் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஏன் அப்படி என்று கேட்டவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை.

தெய்வநாயகத்திடமும் மனைவி அரசியிடமும் இருந்தது ஒரு நினைவுக் காசு. கடற்சுவர் கட்டி முடித்ததைக் கொண்டாட அரசு வெளியிட்டது. சுவர் அடுத்த ஐப்பசியிலேயே விழுந்துவிட்டது. காசு பிழைத்தது, ஆனால் முழுசாக இல்லை. மகள் கோதையின் கழுத்தில் கட்டுவதற்காகத் தட்டார் அதில் வளையம் பற்றவைத்திருந்தார். பல் முளைத்த ஊறலில் கோதை அதைக் கடித்தாள். சுத்தத் தங்கம் என்பதால் இரண்டு சிறு பள்ளங்கள் விழுந்தன. அந்தக் கோடையில் காய்ச்சல் கோதையைக் கொண்டுபோனது.

"அடிபட்ட காசுக்குத் தரம் பார்க்கறதாவது! சிரிப்பாங்க," என்றாள் அரசி.

"அடிபட்டதாலதான் இது ஒண்ணே ஒண்ணு. தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சு. தரமனையில காட்டி, இணையில்லாததுன்னு சான்றிதழ் வாங்கிட்டுக் கையோட கொண்டாந்துடலாம். படம் மட்டும்தான் பிடிப்பாங்க. ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாது, சாதாரணக் காய்ச்சல்னு அப்பவும் நீங்கதான் சொன்னீங்க."

மறுநாள் தண்ணீர் அடுக்களைக்குள் வந்தது. அவளே காசை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள்.

தரமனை அதிகாரி ஜெசிந்தா காசைப் படியெடுப்பானுக்குள் வைத்தார். சற்று நேரத்தில் இரண்டு தட்டுகள் வெளியே வந்தன. இரண்டிலும் காசு.

"எதுக்கும்மா இன்னொண்ணு?" என்றார் தெய்வநாயகம்.

"வரைபடம் சரியான்னு பார்க்க ஒண்ணு வடிச்சுப் பார்ப்போம் ஐயா. ஒத்துப்போச்சுன்னா நகலை உலையில போட்டுட்டு வரைபடத்தையும் அழிச்சுடுவோம்."

அரசி இதையெல்லாம் கேட்கவில்லை. மகளின் பல் தடத்தை இரண்டு தட்டிலும் கண்டவள், இரண்டு காசையும் ஒரே உள்ளங்கையில் அள்ளி, குலுங்கக் குலுங்க அழுது, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜெசிந்தா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அம்மா... எந்தத் தட்டுல இருந்தது எது?"

அரசி கையைப் பார்த்தாள். காசுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஈரமாகக் கிடந்தன.

"எந்திரத்தைக் கேளுங்க," என்றார் தெய்வநாயகம்.

"அதுக்கு வித்தியாசம் தெரியாது ஐயா. தெரிஞ்சா அது கெட்டுப்போன எந்திரம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டும் இருந்தா தரம் பூஜ்யம், மேட்டுல வீடு கிடையாது. ஏதாவது ஒண்ணைப் போடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

தெய்வநாயகம் கையை நீட்டினார். அரசி தட்டிவிட்டாள். "கலந்தது நான். நானே போடறேன்."

பள்ளங்களைக் கட்டைவிரலால் தடவினாள். இதில் கோதை கடித்திருந்தாள். அதிலும் கோதைதான் கடித்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உலையில் விட்டாள். தங்கம் சத்தமில்லாமல் உருகியது.

இப்போது மேட்டு வீட்டின் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் காசு இருக்கிறது. மேலே சான்றிதழ்: 'இணையற்றது. மழலைப் பல் தடம். அசல், ஐயமில்லை.' அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துக் கண் கலங்குகிறார்கள். அந்த மேட்டிலேயே சான்றிதழை நம்பாதவர்கள் இரண்டே பேர். கண்ணாடியைத் துடைப்பது இன்று என் முறைதான் என்று அவர்களுக்குள் தினமும் சண்டை.