இடது பக்க ஸ்பீக்கர்

அந்தத் தியேட்டரில் படம் ஓடுவது நின்று பல வருடமாகிவிட்டது. நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு, சரிவான சிமெண்ட் தரையில் வரிசையாகக் கடைகள் போட்டிருந்தார்கள். பழைய ஃபோன், பழைய டிவி, பழைய ஒயர். கீழே வைத்த எந்தப் பொருளும் அங்கே நேராக நிற்காது. எல்லாமே திரை இருந்த பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெயிலிலிருந்து உள்ளே போனால் கொஞ்ச நேரம் கண் தெரியாது. மூக்கு மட்டும்தான் வேலை செய்யும். சூடான ஈயம், வௌவால் எச்சம், காயாத துணி.

ஸ்பீக்கர் வாங்கத்தான் போனேன். வேறு எந்த எண்ணமும் இல்லை.

என் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஷிப்டில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத வாடிக்கையாளர்களிடம் பேசுவது என் பழைய வேலை. "நான் பேசறது கேக்குதா? கேக்கலைன்னா வீட்டுல வேற யார்கிட்டயாவது பேசலாமா?" தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் இதைச் சொல்வேன். அந்த வேலையில் வலது காது செத்துப்போனது. வேலையை விட்டேன். டாக்டர் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "திரும்ப ஹெட்செட் மாட்டினா இதுவும் போயிடும். போனா வராது" என்றார்.

இப்போது இருப்பது அக்கா வீட்டு மாடி அறையில். கம்பெனிக்காரர்களும் வாடிக்கையாளர்களும் பேசிக்கொண்ட பதிவுகளைக் கேட்டு, அப்படியே டைப் அடித்து அனுப்ப வேண்டும். இருக்கிற ஒரு காதும் போனால் இந்த வேலை போகும். வேலை போனால் அறையும் போகும். அக்கா புருஷன் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சாப்பிடும்போது என் தட்டைப் பார்ப்பார், அவ்வளவுதான். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரோ தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி பேசும். ஆக, ஹெட்செட்டுக்குப் பதிலாக மேசைமேல் வைக்க ஒரு ஸ்பீக்கர் வேண்டும். அதுவும் மலிவாக.

திரைப் பக்கம் கடைசி வரிசையில் இருந்த கடைக்காரரை எல்லோரும் மைக் என்று கூப்பிட்டார்கள். சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துக் கடைக்காரன் திரும்பிப் பார்ப்பான்.

"பேச்சு தெளிவாக் கேக்கணும் அண்ணே. பாட்டுக்கு இல்ல. தும்தும்னு அடிக்கிற பேஸ் வேண்டாம்."

"பேஸ் வேண்டாம்னு சொன்ன முதல் ஆள் நீதான். காதல் தோல்வியா?"

"காது தோல்வி."

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாமான்களை எடுத்து வைத்தார்.

முதலில் மேசை ஸ்பீக்கர் ஜோடி ஒன்று. பெட்டியில் ஆயிரம் வாட்ஸ் என்று போட்டிருந்தது. கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் உறிஞ்சுகிற பிளாஸ்டிக் டப்பா ஆயிரம் வாட்ஸ் கொடுத்தால் வீடு எரியும். அடுத்தது மரப்பெட்டி ஜோடி. தட்டினால் கெட்டியாக ஒலித்தது, குரலும் நன்றாக இருந்தது. விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டேன். கையில் எடுத்துப் போகிற சின்ன ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு பேட்டரி உப்பி, அடிப்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. இன்னொன்றில் ஆள் பேசினால் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் அதை எடுத்தார். கைப்பிடி அளவு உருண்டை, சாம்பல் நிறத் துணி சுற்றியது.

"இது ஜோடியில ஒண்ணு. ஒயர் இல்லாம ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கும். இது இடது பக்கம்."

"வலது?"

"வரல. அதான் இந்த விலை."

எனக்கு இருப்பதும் இடது காது மட்டும்தான். பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மலிவான ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பாட்டுப் போட்டுக் கேட்கக்கூடாது, பாட்டு எல்லாக் குறையையும் மூடிவிடும். எதையும் போடாமல் சத்தத்தை முழுசாக ஏற்றிவிட்டுக் காதை ஒட்டி வைக்கவேண்டும். 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வரும். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல சாமான்.

இதில் இரைச்சலே வரவில்லை.

கொஞ்சம்கூட இல்லை. மூடியைத் திறந்து ஆழமான கிணற்றுக்குள் குனிந்த மாதிரி இருந்தது. அவ்வளவு சுத்தமான மௌனம் மலிவாகக் கிடைக்காது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"கேக்குது" என்றது ஒரு பெண்குரல்.

நிமிர்ந்தேன். கடையின் பின்பக்கம், திரை இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தபடி ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

"என் தங்கச்சி. சாமான் டெஸ்ட் பண்றா. நீ கண்டுக்காதே" என்றார் மைக்.

அவள் கையில் எந்தச் சாமானும் இல்லை.

"ஒண்ணு சொல்லிடறேன். வித்ததைத் திரும்ப வாங்க மாட்டேன்."

வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் அறை ஜன்னலில் இன்னும் கறுப்புத் துணி தொங்குகிறது. ராத்திரி ஷிப்டுக்காரனின் பழக்கம், பகலைக் கொன்றால்தான் தூக்கம். இன்னொரு பழக்கமும் உண்டு. கேட்கிற காதைத் தலையணையில் புதைத்து, கேட்காத காதை மேலே வைத்துப் படுப்பேன். உலகம் அணைந்துவிடும். காது செத்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

ஸ்பீக்கரை மேசைமேல் வைத்து இயக்கினேன். லேப்டாப்போடு இணைந்ததும் மணியோசை ஒன்று ஏறுமுகமாக ஒலித்தது. சற்று நேரம் கழித்து அதே ஓசை இன்னொரு முறை வந்தது, வேறு எதனுடனோ இணைந்த மாதிரி.

வேலையில் உட்கார்ந்தேன். அந்தப் பதிவுகளில் கம்பெனிக்காரர் பேசுவது இடது பக்கம் வரும், வாடிக்கையாளர் பேசுவது வலது பக்கம். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்காவிட்டால் இடது ஸ்பீக்கரில் கம்பெனிக்காரர் பேச்சு மட்டும்தான் வரும். அதை அமுக்க மறந்துவிட்டேன். ஆனாலும் இரண்டு பேர் பேச்சும் கேட்டது. மத்தியானம் வரை அடித்துத் தள்ளினேன். டைப் அடிக்கிறவனுக்கு அர்த்தம் மண்டையில் ஏறாது. காதில் விழுந்தது நேராக விரலுக்குப் போய்விடும்.

டீ நினைப்பு வந்தபோதுதான் அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது.

இடது காதை விரலால் அடைத்தேன்.

கேள்விகள் நின்றன. பதில்கள் நிற்கவில்லை.

செத்த காதில், கிட்டத்தில், யாரோ நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பயமே வரவில்லை. காது திரும்பிவிட்டது என்று துள்ளினேன். மடையன்.

மண்டையில் ஓர் அடி விழுந்தது. டீ டம்ளரோடு அக்கா எனக்கு வலது பக்கம் நின்றிருந்தாள்.

"எத்தனை தடவைடா கத்தறது? செவிட்டுப் பயலே, டீ ஆறி அவலாப் போச்சு."

"அக்கா, வலது காது கேக்குது!"

"அப்படியா? அப்ப நான் இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டது ஏன் கேக்கல?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"உன் மாமாவுக்கும் இதே வியாதிதான். அவருக்குத் தேவையானது மட்டும் கேக்கும்" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

இரண்டொரு நாளில் அந்தப் பதில்கள் கண்ணாடி மாதிரித் தெளிந்தன. கூடவே இன்னொன்றும் நடந்தது. இடது காது பஞ்சு வைத்த மாதிரி மங்கிக்கொண்டே வந்தது. மின்விசிறியின் சத்தம் தேய்ந்தது, தெருவின் சத்தம் தேய்ந்தது. ஃபோனை முழுச் சத்தத்தில் வைத்துத்தான் பேச முடிந்தது.

அப்படி முழுச் சத்தத்தில் வைத்திருந்தபோதுதான் என் வேலையைச் சரிபார்க்கும் மேடம் கூப்பிட்டார்.

"என்ன, கதை எழுதறீங்களா? நேத்து அனுப்பின ஃபைல்ல கஸ்டமர் பேசவே இல்லையே. கம்பெனிப் பொண்ணு ஹலோ ஹலோன்னு கத்திட்டு வெச்சிடறா. நீங்க பக்கம் பக்கமா பதில் அடிச்சிருக்கீங்க."

"என்ன அடிச்சிருக்கேன் மேடம்?"

"என்னைக் கேக்கறீங்களா? படிக்கிறேன், கேளுங்க. 'ஜன்னல்ல கறுப்புத் துணி. மேசைக்கு முன்னாடி ஒருத்தன். அவனுக்கு ஒரு காதுதான். பின்னாடி படி. படியில ஒரு பொம்பளை ஏறி வர்றா. அவளுக்கு ரெண்டு காதும் நல்லா இருக்கு.' இது என்ன விளையாட்டு?"

ஃபோனை வைத்துவிட்டேன்.

ஸ்பீக்கரின் பொத்தானை அமுக்கினேன். விளக்கு அணைந்தது. லேப்டாப்பை மூடினேன்.

அறை அமைதியானது. மேலே மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியது.

ஏறுமுகமாக மணி ஒலித்தது.

விளக்கு எரியாத அந்தச் சாம்பல் உருண்டையிலிருந்து, ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள்.

"நான் பேசறது கேக்குதா?"

கேட்டது. ஆனால் தூரத்தில். ஒவ்வொரு சொல்லும் முந்தையதைவிட மெலிந்து வந்தது. இடது காதருகே விரலைச் சொடுக்கினேன். ஒன்றுமில்லை. கையைத் தட்டினேன். உள்ளங்கை எரிந்ததே தவிர ஒன்றுமில்லை. போனால் வராது என்று டாக்டர் சொன்னது, என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

வலது காதில் இப்போது பேச்சு இல்லை. மூச்சு மட்டும். யாரோ என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

"கேக்கலைன்னா, வீட்டுல வேற யார்கிட்டயாவது பேசலாமா?"

இந்தக் கேள்வியை நான் வருடக்கணக்கில் கேட்டவன். எல்லோரும் ஒரே மாதிரிதான் பதில் சொல்வார்கள். பையன் இருக்கான். வீட்டுக்காரி இருக்கா. இருங்க, கொடுக்கறேன். யோசித்துச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. கேள்வி வந்தால் பதில் வரும், அவ்வளவு பழகிய கேள்வி.

என் வாயும் யோசிக்கவில்லை.

"அக்கா இருக்காங்க."

"நன்றி."

மணி இறங்குமுகமாக ஒலித்தது. இணைப்பு விட்டுவிட்டது.

அந்த நொடியே இடது காது திறந்தது. மின்விசிறியின் கிறீச்சல், காக்கை, தெருவில் ஒரு ஹாரன், கீழே குக்கர் விசில், எல்லாம் ஒரேயடியாக உள்ளே கொட்டியது. வலது காது பழையபடி கட்டையாகக் கிடந்தது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

ஸ்பீக்கரைத் துண்டில் சுருட்டிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினேன். மைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். துண்டைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. அந்தப் பெருங்குரல் ஆள் முதல்முறையாக ரகசியமாகப் பேசினார்.

"யாரைச் சொன்ன?"

பின்பக்கம் முக்காலியைப் பார்த்தேன். அதே முதுகு. அதே வெற்றுச் சுவர்.

"கேக்குது" என்றாள் அவள்.

"தெரிஞ்சுதான் எனக்கு வித்தியா?"

"எனக்கு இருந்தது ஒரே தங்கச்சி. அடுத்த தடவை கேட்டா யாரைச் சொல்வேன்? சாமானைக் கைமாத்திட்டேன்." சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமோ வருத்தமோ இல்லை. "வீட்டுக்குப் போ."

வெளியே வந்ததும் அதைச் சாக்கடையில் எறிந்தேன். கறுப்புத் தண்ணீர் அதை உடனே விழுங்கியது. வீடு வரை ஓடினேன்.

அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் டக் டக் என்று ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று மூச்சு வாங்கினேன்.

"என்னடா, நாய் துரத்திச்சா?"

"அக்கா, நீ நல்லாத்தானே இருக்க?"

"எனக்கென்ன? நீதான் பேயறைஞ்ச மாதிரி நிக்கற. போய்ப் படு."

வலது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பினாள். இடது பக்கம் போய்க் கூப்பிட்டேன். அதற்கும் திரும்பி, கத்தியைக் காட்டி விரட்டினாள். இரண்டு காதும் நன்றாக இருந்தது. மைக் ஒரு பைத்தியம், அவர் தங்கையும் பைத்தியம் என்று முடிவு கட்டினேன்.

மாடியேறினேன். கறுப்புத் துணியின் ஓரத்தில் அந்திவெயில் ஒரு கோடாக நின்றது. வழக்கம்போல நல்ல காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தேன். உலகம் அணைந்தது.

தலையணைக்குள், பஞ்சுக்கு நடுவில், மணி ஏறுமுகமாக ஒலித்தது.

"நான் பேசறது கேக்குதா?"

பல்லைக் கடித்தேன். உதட்டைக் கையால் பொத்தினேன். என்ன ஆனாலும் பதில் சொல்வதில்லை.

கீழே கத்திச் சத்தம் நின்றிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. அப்படிப் படுத்திருக்கும்போது கீழ்வீட்டிலிருந்து எனக்கு எதுவும் கேட்காது.

செத்த காதில், மிக அருகில், அக்கா சொன்னாள்.

"கேக்குது."