அப்பா போட்ட மஞ்சள் மார்க்

தர்ஷினியின் வீட்டில் எதுவும் லூசாக இருக்காது. ஊறுகாய் பாட்டிலை அப்பா மூடினால் அப்பாதான் திறக்க வேண்டும். அவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் அன்று யாருக்கும் ஊறுகாய் கிடையாது. ஒருமுறை சமையலறைக் குழாயை அவர் மூடிவிட்டுப் போக, அம்மா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் முடியாமல் தன் தம்பியைக் கூப்பிட்டார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து வெளிக்குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்.

"உங்கப்பாவுக்கு இருக்கறது கை இல்ல, ஸ்பேனர்," என்பாள் அம்மா.

அப்பாவின் பெயர் மாரிமுத்து. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். சூளகிரிக்கு அருகே ஒரு கம்பெனியில் மோட்டார் சைக்கிள் பாகங்களைப் பூட்டும் வேலை. ஒவ்வொரு போல்ட்டையும் சரியான அளவுக்கு முடுக்குவார். பிறகு அதன் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு இழுப்பார். கோடு போல்ட்டின் தலையில் தொடங்கி அடியில் இருக்கும் இரும்பு வரை வரும். போல்ட் துளி அசைந்தாலும் காய்ந்த பெயிண்ட் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோட்டுக்கு மார்க் என்று பெயர். மார்க் போட்டதை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் மெமோ வரும்.

ஒன்பது வருடத்தில் அப்பா மார்க் போட்ட ஒரு பாகம்கூடத் திரும்பி வந்ததில்லை. இதை அப்பா யாரிடமும் சொல்ல மாட்டார். ஆனால் வேறு யாராவது சொன்னால், சொல்லி முடிக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டார்.

தர்ஷினி ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அப்பா அவளுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கி வந்தார். முன்சக்கரத்துக்கு ஷாக் அப்சர்பர் வைத்த சைக்கிள். அவர்கள் தெருவில் அப்படி ஒன்று யாரிடமும் இல்லை. ஒரு ஞாயிறு முழுவதும் அப்பா அதைக் கழற்றி, துடைத்து, பூட்டினார்.

முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களின் உச்சியிலும் ஒவ்வொரு திருகு இருந்தது. கூட்டல் குறி பக்கம் திருப்பினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுகும். கழித்தல் குறி பக்கம் திருப்பினால் இளகும். அப்பாவுக்குத்தான் இளக்கம் என்றாலே ஆகாதே. இரண்டையும் அவை போகும் மட்டும் இறுக்கினார். ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மஞ்சள் பெயிண்டை எடுத்து மார்க் போட்டார்.

அதன் பிறகுதான் கம்பெனியின் குடும்ப நாள் விழா வந்தது. தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இந்த வருடம் சைக்கிள் போட்டி என்று அறிவித்தார்கள். முதலில் தார் ரோடு, அடுத்து ஏரிக்கரை மண்பாதை, கடைசியில் பாறைச்சரிவு. சரிவில் இறங்கினால் கம்பெனி மைதானம். அங்கே முடிகிறது.

தர்ஷினி உடனே பெயர் கொடுத்தாள். புதன்கிழமை பள்ளி விட்டதும் தோழி வினோதாவோடு போய் ஓட்டிப் பார்த்தாள். தார் ரோட்டில் சைக்கிள் பறந்தது. ஏரிக்கரையில் கொஞ்சம் குலுக்கியது. பாறைச்சரிவில் முதல் கல்லில் முன்சக்கரம் துள்ளியது. இரண்டாவது கல்லில் ஹேண்டில்பார் கையை விட்டுப் போனது. மூன்றாவது கல்லின் மேல் தர்ஷினி கிடந்தாள்.

முழங்காலில் ரத்தம் வந்தது. அதைவிட, உள்ளங்கைகள் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

"ஷாக்கு இருக்குதே, அப்புறம் ஏண்டி இப்படித் தூக்கிப் போடுது?" என்று கேட்டாள் வினோதா. "என் ஓட்டை சைக்கிளே தேவலாம் போல."

வினோதாவின் அம்மா ரோஜாப்பூ வளர்க்கும் பசுமைக்குடிலில் பூக்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டும் வேலை செய்தார். அதனால் வினோதாவின் கையில் எப்போதும் நாலைந்து ரப்பர் பேண்டு வளையல் போலக் கிடக்கும். தர்ஷினி அதில் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். ஃபோர்க்கின் பளபளப்பான மேல்குழாய், தடிமனான கீழ்க்குழாய்க்குள் இறங்கும் இடத்தில் அதைச் சுற்றினாள்.

"இது எதுக்கு?"

"ஷாக்கு அமுங்கினா கீழ்க்குழாய் இதை மேல தள்ளிவிடும். எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்த்தா எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு தெரியும்."

சரிவின் ஓரமாக, ஒரு காலைத் தரையில் தேய்த்தபடி மெல்ல இறங்கினாள். ரப்பர் பேண்டு ஒரு நகத்தின் அகலம்கூட ஏறவில்லை. ஷாக் அப்சர்பர் என்று பெயர்தான், அது வெறும் இரும்புக் கம்பி மாதிரி நின்றது. தர்ஷினி மேலே இருந்த திருகுகளைப் பார்த்தாள். மஞ்சள் கோடுகள் இரண்டும் அவளையே பார்ப்பது போல இருந்தது.

"அதைத் திருப்பிப் பாரேன்," என்றாள் வினோதா.

"மார்க் போட்டிருக்கு."

"அதனால?"

அதனால என்ன என்று வினோதாவுக்கு எப்படிப் புரியவைப்பது? தர்ஷினி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் தூக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் டீ குடிக்கும்போது தர்ஷினி மெல்லப் பேச்செடுத்தாள்.

"அப்பா, அந்த ஷாக்கு இருக்குல்ல..."

"அதுக்கென்ன?"

"கொஞ்சம் டைட்டா இருக்குமோன்னு..."

"டைட்டாத்தான் இருக்கும். மார்க் போட்டிருக்கேன்ல, பாப்பா? நீ கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்."

பாறைச்சரிவில் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டியபோதே விழுந்ததைத் தர்ஷினி நினைத்துக்கொண்டாள். முழங்கால் கட்டு தெரியாமல் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்பா சந்தோஷமாக டீயை உறிஞ்சினார். அவரிடம் எப்படிச் சொல்வது? உங்கள் மார்க் தப்பு என்று அவரிடம் இதுவரை யாருமே சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கம்பெனி பஸ் ஏறினார். காலையில் ஷிஃப்ட் முடிந்து நேராகப் போட்டிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் தர்ஷினியும் வினோதாவும் ஏரிக்கரைக்குப் போனார்கள்.

தர்ஷினி திருகைப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள்.

"பயந்துக்கினு நின்னா பொழுது போயிரும்டி," என்றாள் வினோதா.

தர்ஷினி பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். டிக் என்று ஒரு சத்தம். காய்ந்த பெயிண்ட் செதிலாக உதிர்ந்து தரையில் விழுந்தது.

ஒரு சுற்று இளக்கியபோது ஏரிக்கரைப் பாதை இதமாக இருந்தது. மூன்று சுற்று இளக்கியபோது ரப்பர் பேண்டு இரண்டு விரல் அகலம் ஏறியது. சரிவில் முன்சக்கரம் கல்லைக் கண்டு துள்ளவில்லை, அதன் மேல் ஏறி இறங்கியது. மூன்று முறை இறங்கிப் பார்த்தாள். மூன்று முறையும் விழவில்லை. ஆனால் அதே இளக்கத்தோடு தார் ரோட்டில் போனால், ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் தலையாட்டிப் பொம்மை போல ஆடியது. மிதித்த பலமெல்லாம் ஆட்டத்திலேயே வீணானது.

"தாருக்கு டைட், பாறைக்கு மூணு சுத்து," என்று தர்ஷினி கணக்குப் போட்டாள். "ஏரிக்கரைக்கு ஒரு சுத்து வச்சா நல்லாயிருக்கும். ஆனா ரெண்டு இடத்துல நிக்க முடியாது. சரிவுக்கு முன்னாடி மட்டும் நின்னு இளக்கணும்."

"நிக்கறதுக்குள்ள எல்லாரும் போயிருவாங்களே."

"போகட்டும். விழறதுக்கு அது மேல்."

வீட்டுக்கு வந்ததும்தான் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. அப்பா வந்தால் முதலில் மார்க்கைத்தான் பார்ப்பார். பஸ்ஸில் ஏறினால்கூட சீட்டின் போல்ட்டைப் பார்க்கிறவர் அவர்.

வினோதா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். "மஞ்சத்தூளைக் கொழைச்சுக் கோடு போட்டுடலாம். யாரு கண்டாங்க?"

தீக்குச்சியால் போட்டுப் பார்த்தார்கள். அச்சு அசல் மார்க் மாதிரியே இருந்தது. தர்ஷினிக்கு அதைப் பார்க்கப் பார்க்க வருத்தமாக இருந்தது. அப்பா இதை நம்பிவிடுவார். அவர் போட்டது என்றே நம்பிவிடுவார். ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்து இரண்டு கோடுகளையும் துடைத்தாள்.

"மாட்டிக்குவியே," என்றாள் வினோதா.

"தெரியும்," என்றாள் தர்ஷினி. இரவுச் சோற்றை அவளால் பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

ஞாயிறு காலை கம்பெனி வாசலில் பதினெட்டுப் பிள்ளைகள் சைக்கிளோடு நின்றார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து அப்பா யூனிஃபார்மோடு வந்தார். கண்கள் சிவந்திருந்தன, முகம் முழுக்கச் சிரிப்பு. கூடவே அவரோடு வேலை செய்யும், தெலுங்கு கலந்து பேசும் வெங்கடசாமி மாமாவும் வந்தார். அப்பா தர்ஷினியின் தலையைத் தடவினார். அப்படியே குனிந்து ஃபோர்க்கைப் பார்த்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு இதைத் தொட்டது?"

வெங்கடசாமி மாமாவும் எட்டிப் பார்த்தார். "ஏமய்யா மாரிமுத்து, உன் மார்க்கையே உடைச்சிட்டாங்களா?"

"நான்தான்பா," என்றாள் தர்ஷினி.

"நல்லா இருந்ததை எதுக்குத் தொட்டே? நான் உக்காந்து பார்த்துத்தானே மார்க் போட்டேன். நல்லா அமுங்குச்சே."

"நீங்க எழுபத்தெட்டு கிலோப்பா. நான் இருபத்தொம்பது. எனக்கு அமுங்கல." அவள் ரப்பர் பேண்டைக் காட்டினாள். எத்தனை சுற்றுக்கு அது எவ்வளவு ஏறியது என்று விரலால் அளந்து சொன்னாள். "பாறையில தூக்கிப் போட்டுடுச்சு." பேன்ட்டின் காலை உயர்த்தினாள்.

அப்பா அந்தக் கட்டைப் பார்த்தார். "எப்ப விழுந்தே?"

"புதன்கிழமை."

"ஏன் பாப்பா என்கிட்ட சொல்லல?"

"மார்க் போட்டிருந்துச்சு," என்றாள் தர்ஷினி.

அப்பா திருகின் மேல் கையை வைத்தார். தார் ரோட்டுக்காக அவள் அதை மறுபடி முழுதாக இறுக்கி வைத்திருந்தாள். இனிமேல் இதைத் தொடாதே என்று சொல்லிவிடுவாரோ என்று தர்ஷினி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் வரிசைக்கு வரும்படி மைக்கில் கூப்பிட்டார்கள்.

"எத்தனை சுத்து இளக்கணும்?" என்று அப்பா கேட்டார்.

"சரிவுக்கு முன்னாடி மூணு."

"எத்தனை தடவை செக் பண்ணுனே?"

"மூணு தடவை."

அப்பா கையை எடுத்துக்கொண்டார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எண்ணு. போ," என்றார்.

விசில் அடித்தது. தார் ரோட்டில் தர்ஷினி நாலாவதாகப் போனாள். ஏரிக்கரையில் கை கொஞ்சம் வலித்தது, ஆனாலும் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டாள். சரிவின் உச்சி தெரிந்தது. முன்னால் போன இரண்டு பேரும் நிற்காமல் இறங்கினார்கள்.

தர்ஷினி பிரேக் பிடித்து நின்றாள். வலது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டினார்கள். "சைக்கிள் ரிப்பேரா?" என்று ஒருவன் கேட்டுக்கொண்டே போனான். விரல் வழுக்கியது. அப்படியே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். இடது பக்கம் ஒன்று, இரண்டு. கீழே யாரோ விழும் சத்தம் கேட்டது. மூன்று.

அவள் இறங்கினாள். முதல் கல். இரண்டாவது கல். மூன்றாவது கல் வந்தபோது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, மூடவில்லை. ஃபோர்க் அமுங்கி எழுந்தது. சக்கரம் தரையை விட்டு எழும்பவில்லை. பாதி வழியில் இரண்டு பையன்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அவர்களை ஒதுங்கித் தாண்டி, கடைசிக் கல்லையும் இறங்கினாள். எதிரே மைதானம்.

சரிவின் அடியில் அப்பா நின்றிருந்தார். விழுந்தால் பிடிப்பதற்காக இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். தர்ஷினி அவரைத் தாண்டிப் போய் எல்லைக்கோட்டைக் கடந்த பிறகும் கைகளை மடக்க மறந்துவிட்டார்.

தர்ஷினி ஆறாவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான்.

"ஆறாவதா?" என்றார் வெங்கடசாமி மாமா.

"ஆறாவதுதான், ஆனா முழுசா வந்திருக்கா பாரு," என்றார் அப்பா. அவர் குரல் கரகரத்தது. நைட் ஷிஃப்டால் என்று தர்ஷினி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அப்பா சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். முழங்கால்கள் இரண்டும் ஹேண்டில்பாருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ரப்பர் பேண்டு சர்ரென்று மேலே ஏறிவிட்டது.

"பாப்பா, தார் ரோட்டுல போக எனக்கு எத்தனை சுத்து வைக்கணும்?"

தர்ஷினி ரப்பர் பேண்டைப் பார்த்தாள். அப்பாவின் வயிற்றைப் பார்த்தாள். நன்றாக யோசித்துத்தான் சொன்னாள்.

"உங்களுக்கு நீங்க வச்சதுதான்பா சரி. ஃபுல் டைட்."

வெங்கடசாமி மாமா சிரித்த சிரிப்பில் மைதானமே திரும்பிப் பார்த்தது. அப்பாவும் சிரித்தபடி இரண்டு பக்கமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இறுக்கினார். இதோ ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர், யூனிஃபார்மோடு அப்படியே தார் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தார்.

அன்று தர்ஷினி கம்பெனி பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனாள்.