தாடைச் சதை

சவரக்கத்தி வழுக்கி இறங்கவேண்டிய இடத்தில் மேடேறியது.

போன தடவை மழித்தபோது அண்ணனின் கன்னத்தில் ஒரு குழி இருந்தது. நுரை பூசினால் அதில் தேங்கி நிற்கும். இன்று காதுக்குக் கீழே, தாடை மூலையில், இறுக்கிக் கட்டிய சிறு மூட்டைபோல ஏதோ திரண்டிருந்தது.

விபத்துக்குப் பிறகு அண்ணன் நினைவில்லாமல் படுத்த படுக்கை. சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக. பிசியோதெரபிஸ்டான தம்பி சாயங்காலந்தோறும் வந்து கைகால்களை மடக்கி நீட்டிவிட்டு, முகம் மழித்துவிட்டுப் போவான். இடையில் சில வாரம் வெளியூரில் வேலை, இன்றுதான் திரும்ப வந்திருந்தான். ஊரார் கால்களையெல்லாம் நடக்கவைக்கிறவன், மாடிப்படி ஏறினால் தானே கைப்பிடியைத் தேடுவான். வேலை செய்யாத சதை சூம்பும் என்று அவன் படித்த பாடத்தை அவன் தொப்பை மட்டும் படிக்கவில்லை. அண்ணன் எழுந்து ஒரே ஒரு தரம் பழையபடி 'தடியா' என்று கூப்பிட்டால் போதும், அந்தத் தொப்பையோடு தெருவெல்லாம் ஆடத் தயாராக இருந்தான்.

அதனால்தான் முதலில் சந்தோஷப்பட்டான். உடம்பு தேறுகிறது. அப்புறம் போர்வையை விலக்கித் தொடையைப் பிடித்தான். அது அவனுடைய மணிக்கட்டுப் பருமன்தான் இருந்தது. புஜம் குச்சி. உடம்பு மகா கஞ்சன். சும்மா இருக்கும் செல்லுக்குச் சோறு போடாது, இருப்பதையும் கரைத்து எடுத்துக்கொள்ளும். பாரம் சுமக்கிற இழையை மட்டும்தான் தடிக்கவிடும். மற்றதெல்லாம் முறைப்படி வற்றிக்கொண்டிருக்க, தாடை மட்டும் வளர்ந்திருந்தது. நெற்றிப்பொட்டைத் தொட்டான். அங்கேயும் மேடு. மெல்லும்போது புடைக்கும் சதை.

குழாயில் சாப்பிடுகிறவர் எதை மெல்கிறார்?

வெளியே மழை ஜன்னல் தகரத்தில் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அறையில் கிருமிநாசினி வாடை, சோப்பு நுரையின் வாசனை, ஈரத்துணியின் புழுங்கல், அவற்றுக்கெல்லாம் அடியில், துருப்பிடித்த குழாயில் வாய்வைத்துக் குடித்ததுபோல ஒரு நெடி. பல் ஈறில் ரத்தம் கசிகிறதோ என்னவோ. சில வாரங்களுக்கு முன் அண்ணி ஒன்று சொல்லியிருந்தாள்: துணியால் வாய் துடைக்கும்போது அவர் கடித்தாராம். கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் வாய் திறக்காத மனுஷன் இப்பவாவது திறந்தாரே என்று அவன் கேலி பண்ண, எத்தனையோ நாள் கழித்து அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு நீடிக்கட்டும் என்று எல்லா நோயாளி வீட்டிலும் சொல்வதையே அங்கேயும் சொல்லிவைத்தான்: வேலை கொடுத்தால் வளரும், லேசான பாரம் பழகிவிட்டால் கூட்டவேண்டும்.

இடது உள்ளங்கையை அண்ணன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஈறைத் தடவிப்பார்க்க வலது ஆள்காட்டி விரலைப் பற்களுக்கு நடுவே விட்டான். பற்கள் தேய்ந்து தட்டையாக இருந்தன. கடைவாயில் ஏதோ சிக்கியிருந்தது. விரலை எடுக்காமலே நகத்தால் நெம்ப, அதன் நுனி உதட்டுவரை வந்தது.

நூல். காயத்துக்குக் கட்டும் வலைத்துணியின் நூல். பழுப்புச் சிவப்பு.

"நல்லா தேறியிருக்கார்ல, தம்பி?"

வாசலில் அண்ணி. இந்தப் புழுக்கத்திலும் சால்வையைப் போர்த்தியிருந்தாள். எப்போது இவ்வளவு இளைத்தாள்? கண்கள் மட்டும் பளபளத்தன.

"அண்ணி, இவருக்கு வாயில என்ன குடுக்கிறீங்க?"

"முதல்ல துணிதான் குடுத்தேன். பழகிடுச்சு. நீங்கதானே கூட்டணும்னு சொன்னீங்க." குழந்தையின் மார்க்கைச் சொல்கிற தாய்போலச் சொன்னாள். "ரப்பர், மரக்கட்டை எல்லாம் குடுத்துப் பார்த்தேன், துப்பிடறார். உயிர் இருந்தாத்தான் பிடிக்குது."

சால்வை நழுவியது. இடது கையில் கட்டு. கட்டு சீக்கிரமே முடிந்துவிட்டது. விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் காற்று.



"காதுகிட்ட கத்தினாலும் திரும்பாதவர், அப்ப மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார் தம்பி. அது போதும் எனக்கு." கட்டிலருகே வந்து அண்ணனின் தலையைக் கோதினாள். "வலது கையையும் குடுத்துட்டா இவருக்கு யாரு குழாய்ல ஊத்துறது? அதான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

விரல். விரல் இன்னும் உள்ளே.

இழுத்தான்.

வரவில்லை.

வலிக்கவில்லை. இறுக்கம்கூட இல்லை. பற்கள் விரலை வெறுமனே பிடித்திருந்தன, ருசி பார்ப்பதுபோல. அண்ணனின் இமைகள் பிரிந்தன. கண்கள் அவனை நோக்கி உருண்டன. அவற்றில் அண்ணன் இல்லை.

"மெதுவா," என்றாள் அண்ணி. அவனிடம் அல்ல.

இடது உள்ளங்கைக்கு அடியில், அந்த மேடு திரளத் தொடங்கியது.