கதவிடுக்கில் வைத்த பெட்டி

“திறங்க சார்! அக்கா உள்ள தட்டறா!”

வாலு குளிர் அறையின் இரும்புக் கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பின்னால் அம்மா, செத்துப்போன பெரிய மகளின் வெள்ளை அங்கியை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவளுடைய சாமான்களை வாங்கிப் போகத்தான் இருவரும் ஆய்வகத்துக்கு வந்திருந்தார்கள்.

டக் டக்... டக்.

அக்காவின் தட்டேதான். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக் கதவை இப்படித்தான் தட்டுவாள். “தூங்குமூஞ்சி, திறடி!”

ஆய்வகத் தலைவர் கைப்பிடியைத் திருகினார். கதவு திறந்தது. ஈரமும் மருந்தும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே ஆளில்லை. கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகப் புரதம் வடிந்துகொண்டிருந்தது.

அது அக்கா வளர்த்த புரதம். பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்த மனிதப் புரதம். “பயப்படாதடி, இது சாதுதான். இதோட அண்ணன்காரன்னு மூளையில ஒரு புரதம் இருக்கு, அவன்தான் ரவுடி. ஒருத்தன் கோணலா மடிஞ்சா போதும், பக்கத்துல நிக்கறவனையும் அதே மாதிரி மடிச்சிடுவான்” என்று சிரிப்பாள்.

அந்தக் கதவின் உள்பக்கப் பிடி கெட்டு மாதக்கணக்காகிவிட்டது; மூடிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. அதனால் உள்ளே போகிறவர்கள் கையுறைப் பெட்டியைக் கதவிடுக்கில் செருகிவிட்டுத்தான் போவார்கள். விடுமுறைக்கு முந்தின நாள் அக்கா செருகவில்லை என்றார்கள். ஆஸ்துமா இளைப்புக்காரி, குளிர் ஆகாது. விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது அவள் விரல் முட்டிகளில் தோல் இல்லை.

“கவனக்குறைவு” என்று ஒரே வார்த்தையில் தலைவர் முடித்துவிட்டார்.

டக் டக்... டக்.

இந்த முறை சத்தம் வெளியே கேட்டது.

தலைவரின் விரல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை மறு கையால் அமுக்கினார். அந்தக் கையும் தட்ட ஆரம்பித்தது.

“பெட்டிய நான்தான் எடுத்தேன்” என்றார் கிசுகிசுப்பாக. “குளிர் வெளிய போகுது, புரதம் கெட்டுடும்னு... உள்ள லைட் எரிஞ்சுது. எட்டிப் பாக்கல.”

அம்மா அவரையே பார்த்தாள்.

“கெடலையே சார்?”

“எதும்மா?”

“உங்க புரதம்.”

அவர் தலை குனிந்தார். விரல்கள் நிற்கவில்லை.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவள் விரல் கம்பியைத் தட்டியது.

டக் டக்... டக்.

“அம்மா, வேணாம்மா.” வாலு அந்த விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

வீட்டுக்குள் போனதும் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். குளியலறை, அலமாரி, ஜன்னல் ஒன்றையும் விடவில்லை. எல்லாம் திறந்துதான் கிடந்தன.

ஆனாலும் தட்டு கேட்டது. குனிந்து பார்த்தாள்.

சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது அவளுடைய சொந்த விரல்.

அக்கா இன்னும் உள்ளேதான் இருக்கிறாள், சரி. எந்தக் கதவைத் திறந்தால் அவள் வெளியே வருவாள்?