இரண்டாவது டேங்க்

வண்டி ஓட ஓடப் பெட்ரோல் முள் இறங்க வேண்டும். இந்த வண்டியில் அது ஏறிக்கொண்டிருந்தது.

முதல் நாள் அதைப் பார்த்தபோது டாக்டரம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நோயைச் சொல்லிவிடுவாள் என்பதால் வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் டாக்டரம்மா. ஒர்க் ஷாப்பில் கோளாறு கண்டுபிடிப்பது அவள். ஓட்டிப் பார்த்துச் சரியென்று சொல்வது அவள் கணவன். இருபது வருஷமாக அப்படித்தான்.

வண்டியைக் கொண்டுவந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். தூரப் பயணத்துக்கென்று இரண்டு டேங்க் வைத்த பழைய வண்டி. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். மேலே தட்டினால் முதல் டேங்க், கீழே தட்டினால் இரண்டாவது.

“ரெண்டாவதுக்கு மாத்தினா மட்டும் முள்ளு மேல போகுதும்மா. எங்க அண்ணன் வண்டி இது.”

“எப்பலேர்ந்து இப்படின்னு அவரையே கேட்டுப் பாக்கலாமே?”

“வண்டிதான் கிடைச்சுது. ரோட்டோரம் எஞ்சின் ஓடிக்கிட்டே நின்னுச்சு. அண்ணன் கிடைக்கல.”

சாவியை மேஜைமேல் வைத்தவர், அதைத் தொட்ட விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இந்த மாதிரிக் கோளாறெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலில் எரிந்தது போக மிச்சம் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். இரண்டு டேங்குக்கும் நடுவில் இருக்கிற வால்வு சிக்கிக்கொண்டால், ஒன்றிலிருந்து எடுத்தது மற்றதில் போய் விழும். வால்வை மாற்றினாள். முள் ஏறியது. திரும்பி வரும் குழாயை இறுக்கி அடைத்தாள். அப்போதும் ஏறியது. மீட்டர் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், எதிலும் பழுதில்லை. அன்று இரவு சோறு இறங்கவில்லை அவளுக்கு. மறுநாள் காலை இரண்டாவது டேங்க்கையே கழற்றி, ஒரு சொட்டு விடாமல் வடித்து, வெயிலில் கவிழ்த்துப் போட்டாள்.

“முதல் டேங்க்ல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அந்த ஸ்விட்ச்சைத் தொட்டுடாதீங்க.”

“உத்தரவு டாக்டர்!” கணவன் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனான்.

அன்று விடுமுறை. பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் சாத்திக் கிடந்ததால், தகரக் கூரை சூட்டில் விரிந்து முறுக்கிக்கொள்ளும் சத்தமும், எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தமும், ரப்பரும் பழைய ஆயிலும் சேர்ந்து வெந்த வாசனையும்தான் அவளுக்குத் துணையாக இருந்தன. காய்ந்திருக்கும் என்று டேங்க்கைத் தூக்கப் போனாள். தூக்க முடியவில்லை. காலையில் ஒற்றைக் கையால் எடுத்துவந்த டேங்க் அது. இப்போது இரண்டு கையாலும் நிமிர்த்தி, இழுத்து இழுத்துத்தான் நிழலுக்குக் கொண்டுவர முடிந்தது. உள்ளே எதுவும் தளும்பவில்லை. வெயிலில் கிடந்த தகரம் ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

போன் அடித்தது. கணவன்தான்.

“கை பழக்கத்துல ஸ்விட்ச்சைத் தட்டிட்டேன்.”

“பரவாயில்ல, திருப்பிப் போடுங்க.”

“போட்டுட்டேன். மாற மாட்டேங்குது. முள்ளு ஏறுது.”

“டேங்க்கு இங்க இருக்குங்க. அங்க எப்படி ஏறும்? ஓரமா நிறுத்துங்க.”

“நிறுத்திட்டேன். இங்க ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு?”

அவள் வாசலைப் பார்த்தாள். உச்சி வெயிலில் கண் கூசியது.

“எங்க இருக்கீங்க?”

“தெரியல. கதவு திறக்கல. கண்ணாடியைத் தட்டிப் பாக்கறேன்.”

டொக். டொக்.

போனில் கேட்டது. காலடியிலும் கேட்டது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்து நுனியை டேங்க்கில் ஊன்றினாள். கைப்பிடியில் காதை வைத்தாள். எங்கோ ஆழத்தில், ஒரு எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால் யாரோ மூச்சு விட்டார்கள்.

“மூச்சு முட்டுது. ஒரே பெட்ரோல் நாத்தம். எதாவது பண்ணு.”

டேங்க்கின் மேலே, பெட்ரோல் அளவு காட்டும் மிதவையை உள்ளே இறக்குகிற வழிக்கு ஒரு வட்ட மூடி இருந்தது. திருகித் திறந்தாள். கை நுழையும் அளவுக்குத் துளை. டார்ச் அடித்தாள். வெளிச்சம் உள்ளே போனது. எதன்மேலும் விழவில்லை.

“வெளிச்சம் தெரியுது! கையைக் கொடு! சீக்கிரம்!”

யோசிக்கவில்லை. கையை விட்டாள். ஒரு கை பற்றிக்கொண்டது.

“பிடிச்சுட்டேங்க! விடாதீங்க!” அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வாசலில் ஹாரன்.

வண்டி உள்ளே வந்து நின்றது. கணவன் இறங்கினான். வியர்த்து வழிந்த கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“இங்கேர்ந்து கிளம்பினதுமே போன் செத்துப்போச்சு. உனக்குச் சொல்ல முடியல. வண்டி சும்மா வழுக்கிட்டுப் போகுது.” அவளைப் பார்த்து நின்றான். “என்ன பண்ணிக்கிட்டு இருக்கே?”

காதோரம் போன் கிசுகிசுத்தது. அவன் குரலிலேயே.

“யாரு வந்திருக்கா?”

அவள் கையை வெளியே இழுக்கப் பார்த்தாள்.

உள்ளே பிடி இறுகியது. இழுத்தது. மணிக்கட்டு போனது. முழங்கை போனது. கணவன் ஓடிவந்து இடுப்பைக் கட்டி இழுத்தான். தோள் போனது. கன்னம் குளிர்ந்த தகரத்தில் அழுந்தியது. ஒன்றரைச் சாண் உயரமுள்ள டேங்க். அவள் விரல்கள் இன்னும் அடியைத் தொடவில்லை.

உள்ளே, இருட்டில், இரண்டாவதாக ஒரு கை அவள் மணிக்கட்டைத் தடவிக் கண்டுபிடித்துப் பற்றியது. பிறகு மூன்றாவது. பிறகு, அவசரமே இல்லாமல், மற்றவை.